காசு வந்தும் எறிகணை ஏன் வரவில்லை?

2023 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியம் உக்ரேனுக்கு ஒரு வாக்குக் கொடுத்தது. 12 மாதத்துக்குள் பத்து இலட்சம் எறிகணை தருவோம் என்பது அந்த வாக்கு. கையிருப்பில் இருந்து கொடுக்கும் நாடுகளுக்கு ஈடுசெய்ய ஒரு பில்லியன் யூரோ, கூட்டாகப் புதிதாக வாங்க இன்னொரு பில்லியன், தொழிற்சாலைகளை விரிவாக்க 500 மில்லியன் என்று காசும் ஒதுக்கப்பட்டது. தவணை முடிந்த 2024 மார்ச்சில் கணக்குப் பார்த்தால் 52 வீதம்தான் தேறியது. பணக்கார நாடுகள் இருபத்தேழு ஒன்றுசேர்ந்தும், நூறு வருஷமாக எல்லாரும் செய்துவந்த ஒரு பழைய சாமானைச் சொன்ன தவணைக்குச் செய்து கொடுக்க முடியவில்லை.

இந்தப் புதிரை விளங்க வன்னியில் உள்ளவர்களுக்குப் பொருளியல் பாடம் தேவையில்லை. பரந்தன் இரசாயனத் தொழிற்சாலைக்கு என்ன நடந்தது என்பதும், நெல்லுக்கு உத்தரவாத விலை எப்போது அறிவிக்கப்படுகிறது என்பதும் தெரிந்தால் போதும்.

செல்லுக்குள் என்ன இருக்கிறது

இங்கே 'செல்' என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். செய்பவனுக்கு அது நாலு வேறு சாமான். உருக்கு உடல், அதற்குள் நிரப்பும் வெடிமருந்து, மூக்கில் பூட்டும் வெடிப்பி, பீரங்கிக்குள் தனியாக வைத்துக் கொளுத்தும் உந்துமருந்து. நேட்டோ நாடுகளின் 155 மில்லிமீற்றர் எறிகணை 43 முதல் 47 கிலோ வரை நிறுக்கும். ஒரு மூட்டை உரத்துக்குச் சற்றுக் குறைவு. அதில் வெடிமருந்து ஏறத்தாழ 7 முதல் 11 கிலோ. மிச்சம் பெரும்பாலும் இரும்பு.

உடல் செய்வது பட்டறை வேலைதான், பெரிய அளவில். உருக்குத் துண்டை 1,000 பாகைக்கு மேல் காய்ச்சி, அழுத்த இயந்திரத்தில் குடைந்து நீட்டி, கடைந்து, வாயை ஒடுக்கி, அடியில் செப்பு வளையம் ஏற்றுவார்கள். அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் ஸ்க்ரான்ரன் நகரத்தில் இந்த வேலை நடக்கிறது. வெறும் உடல் அங்கிருந்து லொறியில் ஐயோவா மாநிலத்துக்குப் போய் மருந்து நிரப்பப்படும். கடைசல் இயந்திரத்தைக் காசு கொடுத்து வாங்கலாம், ஆளைச் சில மாதத்தில் பழக்கலாம். ஆகவே உருக்கு வேலையில் பெரிய அடைப்பு இல்லை.

அடைப்பு மருந்தில் இருக்கிறது. ரி.என்.ரி. என்ற வெடிமருந்து 80 பாகையளவில் உருகும். உருக்கி உடலுக்குள் ஊற்றி ஆறவிட வேண்டும். பனங்கட்டி காய்ச்சிக் குட்டானில் வார்த்தவர்களுக்கு மிச்சம் தெரியும்: அவசரப்பட்டு ஆறவிட்டால் ஓரம் முதலில் இறுகும், நடு குழிந்து உள்ளே பொள்ளல் விழும். பனங்கட்டியில் அது அழகுக் குறை. எறிகணையில் அது பீரங்கிக்காரரின் உயிர். சுடும்போது குழாய்க்குள் எறிகணை புவியீர்ப்பின் பத்தாயிரம் மடங்குக்கு மேலான வேகமுடுக்கத்தில் கிளம்புகிறது. மருந்து முழுவதும் பின்பக்கம் நசுங்கும். பொள்ளலுக்குள் அடைபட்ட காற்று அந்த நசுக்கலில் சட்டென்று சூடேறி, குழாய்க்குள்ளேயே வெடிப்பைத் தொடக்கிவிடலாம். அதனால்தான் மெதுவாக ஆறவைத்து எக்ஸ்ரே பிடித்துப் பார்க்கிறார்கள். 'வேகமாகச் செய்' என்று அமைச்சர் கட்டளை போட்டாலும் மருந்து தன் நேரத்துக்குத்தான் இறுகும்.

அந்த ரி.என்.ரி. எங்கிருந்து வருகிறது என்பது அடுத்த கேள்வி. தொலுயீனை நைத்திரிக், சல்பூரிக் அமிலங்களோடு படிப்படியாகத் தாக்கமுறச் செய்து எடுப்பது. செந்நிறமான நச்சுக் கழிவுநீர் தள்ளும் தொழில். அமெரிக்கா இந்த உற்பத்தியை 1986இல் நிறுத்திவிட்டது. குளிர் யுத்தம் முடிந்த பிறகு 'எதற்கு இந்தத் தலையிடி, வெளியில் வாங்கலாம்' என்ற எண்ணம் இன்னும் ஊறிவிட்டது. மேற்கு நாடுகள் போலந்தின் பிட்கோஷ்ச் நகரில் உள்ள ஒரேயொரு பெரிய ஆலையில் போய்ச் சாய்ந்து நின்றன. 2022 பெப்ரவரியில் யுத்தம் வெடித்தபோது எல்லாரும் ஒரே வாசலில் வரிசை. 2024 நவம்பரில்தான் அமெரிக்க இராணுவம் கென்டக்கியில் புதிய ரி.என்.ரி. ஆலை கட்ட 435 மில்லியன் டொலர் ஒப்பந்தம் போட்டது. ஒப்பந்தம் போட்ட அன்றைக்கு மருந்து வராது. அது கட்டி, சோதித்து, அனுமதி வாங்கி, வருஷக்கணக்கில் ஆகிற காரியம்.

உந்துமருந்தும் இதே கதை. அதன் அடிப்படை நைத்திரோசெலுலோசு. அதற்கு வேண்டியது பருத்திக் கொட்டையில் ஒட்டியிருக்கும் குறும்பஞ்சு. ஐரோப்பா அதைப் பெருமளவில் சீனாவில் இருந்து இறக்கிக்கொண்டிருந்தது. சீனா உக்ரேன் யுத்தத்தில் எந்தப் பக்கம் சாய்கிறது என்று இராப்பகலாக விவாதித்த தலைநகரங்கள், தங்கள் பீரங்கிக்கு வேண்டிய பஞ்சு சீனக் கப்பலில் வருவதைப் பிந்தித்தான் கவனித்தன. மரக்கூழில் இருந்தும் இதைச் செய்யலாம், ஆனால் அதற்கு உற்பத்தி முறையை மாற்றித் திரும்பச் சோதித்து எடுக்கவேண்டும்.

கொள்கை வகுத்தவர்களுக்கு இது விளங்காமல் இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2024 மார்ச்சில் பகிர்ந்த 513 மில்லியன் யூரோவைப் பாருங்கள். உந்துமருந்துக்கு 248 மில்லியன், வெடிமருந்துக்கு 124 மில்லியன், எறிகணை உடலுக்கு 90 மில்லியன். நாலில் மூன்று பங்கு அளவு இரசாயனத்துக்கே போயிருக்கிறது. பாதுகாப்புக் கொள்கை பற்றிய நூறு உரைகளை விட இந்த ஒரு பங்கீடு அதிகம் சொல்கிறது.

பரந்தன் இங்கேதான் வருகிறது. 1950களில் தொடங்கிய அந்த ஆலை ஆனையிறவு உப்பில் இருந்து கோஸ்டிக் சோடாவும் குளோரினும் எடுத்தது. 1980களின் நடுவில் யுத்தத்தால் நின்றது. இயந்திரம் போனது, அமிலமும் வாயுவும் கையாண்டு பழகிய கைகள் சிதறிப்போயின. கொம்பனியின் பெயர் மட்டும் நீடித்து, வெளிநாட்டுக் குளோரினை இறக்கி நீர்வழங்கலுக்குக் கொடுக்கும் வேலையைச் செய்தது. அமெரிக்காவின் ரி.என்.ரி.யும் பரந்தனின் குளோரினும் ஏறத்தாழ ஒரே காலத்தில் நின்றவை. காரணம் வேறு, ஒன்று சமாதானத்தால், மற்றது சண்டையால். ஆனால் நாற்பது வருஷத்துக்குப் பிறகு இரண்டு இடத்திலும் நிலைமை ஒன்றுதான். திறப்பு இருக்கிறது, திறந்தால் உள்ளே ஆலை இல்லை.

உத்தரவாத விலை இல்லாமல் யார் விதைப்பது?

2025 காலபோகத்தில் அரசாங்கம் நெல்லுக்கு உத்தரவாத விலை அறிவித்தது பெப்ரவரி தொடக்கத்தில். நாடு கிலோ 120 ரூபா, சம்பா 125, கீரிச்சம்பா 132. அதற்குள் கிளிநொச்சியில் வெட்டு தொடங்கி, கடன்காரனுக்குப் பயந்து ஈரநெல்லைத் தனியாருக்கு வித்தவர்கள் வித்துவிட்டார்கள். அறிவித்த பிறகும் ஈரப்பதன் 14 வீதத்துக்கு மேல் போனால் நெல் சந்தைப்படுத்தும் சபை அந்த விலைக்கு எடுக்காது. விலை நல்ல விலைதான். ஆனால் விதைக்கும்போது தெரியாத விலையை நம்பி எவரும் கூடுதல் ஏக்கர் உழமாட்டார்.

ஆயுத ஆலைக்காரனும் அதே கமக்காரன்தான். 2022இலும் 2023இலும் ஐரோப்பியத் தலைவர்கள் 'உற்பத்தியைக் கூட்டுங்கள்' என்று மேடையில் சொன்னார்கள். ஆலைக்காரர் திருப்பிக் கேட்டது ஒன்றே ஒன்று: எழுத்தில் எத்தனை, எத்தனை வருஷத்துக்கு? ஒரு புதிய நிரப்பு ஆலைக்குப் போடும் முதல் திரும்ப வரப் பத்து வருஷம் பிடிக்கும். யுத்தம் இரண்டு வருஷத்தில் முடிந்தால் அந்தக் கட்டடத்தை என்ன செய்வது? 1990களில் கட்டளைகள் நின்று ஆலை மூடியவர்கள் இந்தக் கேள்வியைச் சும்மா கேட்கவில்லை.

எழுத்தில் கிடைத்தபோது வேலை நடந்தது. ஜேர்மனி 2024 நடுப்பகுதியில் 155 மில்லிமீற்றர் எறிகணைக்கு 8.5 பில்லியன் யூரோ வரை போகக்கூடிய பல வருஷ ஒப்பந்தத்தை ரைன்மெட்டால் ஆயுத நிறுவனத்துக்குக் கொடுத்தது. உன்டர்லூஸ் என்ற ஊரில் 2024 பெப்ரவரியில் அடிக்கல் வைத்த ஆலை 2025 ஓகஸ்ட்டில் திறக்கப்பட்டது. 2027இல் வருஷத்துக்கு மூன்றரை இலட்சம் எறிகணை என்பது அதன் இலக்கு. பதினெட்டு மாதத்தில் ஆலை எழும்புவது ஐரோப்பாவில் அதிசயம்.

காசும் ஒப்பந்தமும் இருந்தாலும் எல்லாம் ஒரே வேகத்தில் வராது. அமெரிக்கா யுத்தத்துக்கு முன்னர் மாதம் ஏறத்தாழ 14,000 எறிகணை செய்தது. 2025 ஒக்டோபருக்குள் மாதம் ஒரு இலட்சம் என்று இலக்கு வைத்தார்கள். 2025 நடுப்பகுதியில் எட்டியது 40,000. மூன்று மடங்கு என்பது சின்ன ஏற்றம் அல்ல. ஆனால் ஒரு கண்ணி பிந்தினால் முழுச் சங்கிலியும் பிந்தும். ஆயிரம் உடல் இருந்து எழுநூறு வெடிப்பி மட்டும் இருந்தால், உங்களிடம் எழுநூறு எறிகணைதான் இருக்கிறது.

தென் கொரியாவைப் பார்த்தால் மறுபக்கம் தெரியும். வடக்கில் எதிரி இருப்பதால் அந்த நாடு பீரங்கி, தாங்கி வரிசைகளை ஒருநாளும் அணைக்கவில்லை. போலந்து 2022 ஓகஸ்ட்டில் 180 கே2 தாங்கிகளுக்கு ஒப்பந்தம் போட்டது, முதல் பத்துத் தாங்கி அந்த டிசம்பரிலேயே துறைமுகத்தில் இறங்கியது. அடுப்பு ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது, பானையை மட்டும் மாற்றினார்கள்.

கூட்டாளிகள், பங்கு, நட்டு

'நேச நாடுகள் ஒன்றாகச் செய்தால் மலிவு' என்பது கேட்க நன்றாக இருக்கும். முதல் சிக்கல் பொருந்துவதில் வருகிறது. 155 மில்லிமீற்றர் என்று எல்லாரும் சொன்னாலும், அந்தத் தரத்தில் இருந்து விலகும் உரிமையைப் 14 நாடுகள் வைத்திருப்பதாக நேட்டோ இராணுவக் குழுவின் அன்றைய தலைவர் அட்மிரல் றொப் பௌவர் 2023இல் வெளிப்படையாகச் சொன்னார். எறிகணை பீரங்கிக்குள் போகும், ஆனால் அந்தப் பீரங்கியின் கணினியில் அந்த எறிகணைக்குரிய சுடுகணக்கு இருக்காது. அல்லது ஒரு நாட்டு உந்துமருந்தை இன்னொரு நாட்டுக் குழாயில் போட அனுமதி இராது. உக்ரேனிய பீரங்கிக்காரர் இதைச் செலவழித்துப் படித்தார்கள். உழவு இயந்திரம் வைத்திருப்பவர் அறிவார்: பார்வைக்கு ஒரே நட்டு, ஒன்று மில்லிமீற்றர், மற்றது இஞ்சி. சாவி பிடிக்காது, பிடித்தால் நட்டின் தலை மழுங்கும்.

இரண்டாவது சிக்கல் பங்கு. இரணைமடுத் தண்ணீர் சிறுபோகத்தில் எல்லாக் காணிக்கும் காணாது. கூட்டம் வைத்து, இவருக்கு இத்தனை பங்கு என்று பிரிப்பார்கள். விளைச்சலை மட்டும் பார்த்தால் நல்ல மண் உள்ள வாய்க்காலுக்கு முழுத் தண்ணீரையும் விடுவதே சரி. அப்படி விட்டால் மற்ற வாய்க்கால்காரர் அடுத்த கூட்டத்துக்கு வரமாட்டார்கள். ஐரோப்பாவிலும் இதுதான். திறமான ஆலை ஒன்றில் மொத்தத்தையும் செய்வது மலிவு. ஆனால் காசு போடும் ஒவ்வொரு பாராளுமன்றமும் தன் நாட்டில் ஒரு துண்டு வேலை கேட்கும்.

ஒன்றியம் இதற்கு விதி எழுதித் தீர்வு தேடுகிறது. 2025 மேயில் நிறைவேறிய 'சேஃப்' திட்டம் 150 பில்லியன் யூரோ நீண்டகாலக் கடன். வாங்கும் பொருளின் பாகச் செலவில் 65 வீதமாவது ஒன்றியம், நோர்வே போன்ற அயல் நாடுகள், அல்லது உக்ரேனில் இருந்து வரவேண்டும். மூன்றாம் நாட்டுப் பங்கு 35 வீதத்தைத் தாண்டக்கூடாது. காரணம் இருக்கிறது: 2022 பெப்ரவரி முதல் 2023 யூன் வரை உறுப்பு நாடுகள் செய்த ஆயுதக் கொள்வனவில் 78 வீதம் வெளியே போனதாக ஐரோப்பிய ஆணைக்குழுவே கணக்குக் காட்டியது, அதில் பெரும்பங்கு அமெரிக்காவுக்கு. கடனில் அதிகம் ஒதுக்கப்பட்டது போலந்துக்கு, 43.7 பில்லியன். வெளியில் இருந்து கனடா இணங்கி உள்ளே வந்தது. பிரித்தானியா 2025 நவம்பரில், உள்ளே வரக் கட்டும் பணம் எவ்வளவு என்ற பேரத்திலேயே நின்றுவிட்டது. ஒரே எதிரி, ஒரே கூட்டணி என்றாலும் கணக்குப்புத்தகம் தனித்தனிதான்.

இந்த விதி நெடுங்காலத்துக்குச் சரி, குறுங்காலத்துக்கு வேகத்தடை. இரண்டையும் ஒருங்கே ஒப்புக்கொள்ளும் அரசியல்வாதி குறைவு. ஏற்றுமதி அனுமதிப் பத்திரங்களின் இழுபறி இன்னொரு நீண்ட கதை. அவுஸ்திரேலியாவும் பிரித்தானியாவும் 2021 செப்டெம்பரில் அமெரிக்காவோடு ஓக்கஸ் என்ற பாதுகாப்பு உடன்பாடு செய்தும், அமெரிக்க ஆயுத ஏற்றுமதிச் சட்டத்தில் அவர்களுக்கு விலக்குக் கிடைக்க 2024 ஓகஸ்ட் ஆனது என்பது ஒன்றே போதும்.

நமக்கு அருகில் இந்தியா வேறு வழியில் போகிறது. அரசின் ஆயுத ஆலைகளை நிர்வகித்த சபையை 2021 ஒக்டோபரில் கலைத்து ஏழு கொம்பனிகள் ஆக்கினார்கள். நீலகிரி அருவங்காட்டில் நூற்றாண்டு கடந்த உந்துமருந்து ஆலையும், திருச்சியின் ஆலைகளும் இன்று அந்தக் கொம்பனிகளுக்குள். மேற்கு நாடுகள் தேடி அலையும் அதே மருந்துத் தொழிலை இந்தியா விடாமல் வைத்திருந்தது இப்போது விற்பனைப் பலமாகிவிட்டது. 2025 ஏப்ரல் 5ஆம் திகதி இலங்கையும் இந்தியாவும் பாதுகாப்பு ஒத்துழைப்புப் புரிந்துணர்வு உடன்படிக்கையில் கைச்சாத்திட்டன. அதன் முழு வாசகம் அப்போது மக்கள் முன் வைக்கப்படவில்லை. அந்த யூனில் இந்தியப் பாதுகாப்பு அமைச்சின் கீழுள்ள மசகோன் கப்பல் கட்டும் நிறுவனம், கொழும்புக் கப்பல் துறையில் 51 வீதமாவது வாங்கப்போவதாக அறிவித்தது. கூட்டாளித்தனம் எந்தத் திசையில் போகிறது என்பதை உடன்படிக்கையை விட இந்தப் பங்குக் கொள்வனவு தெளிவாகக் காட்டுகிறது.

கணக்கின் மற்றப் பக்கம் முகமாலையில்

2025 யூனில் ஹேக் நகரில் நேட்டோ நாடுகள் 2035க்குள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 5 வீதத்தைப் பாதுகாப்புக்கு ஒதுக்க ஒத்துக்கொண்டன. 3.5 வீதம் நேரடி இராணுவச் செலவு, 1.5 வீதம் பாலம், வீதி, இணையப் பாதுகாப்பு, ஆயுதத் தொழிற்றுறை போன்றவை. அந்தக் காசு எங்கிருந்தாவது வரவேண்டும். பிரித்தானியா ஒளிக்காமல் சொல்லிவிட்டது. 2025 பெப்ரவரியில் அதன் பிரதமர், 2027இல் பாதுகாப்புச் செலவை 2.5 வீதமாக்க வெளிநாட்டு உதவியை 0.5 இலிருந்து 0.3 வீதமாகக் குறைப்பதாக அறிவித்தார். அதற்கு ஒரு மாதம் முன்னர் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை 90 நாட்கள் நிறுத்திவைத்தபோது மிதிவெடி அகற்றலும் அதற்குள் அகப்பட்டது. வன்னியில் மிதிவெடி அகற்ற இரண்டு நாடுகளும் காசு தந்தவை.

அதே 2025இல் எஸ்தோனியா, லத்வியா, லித்துவேனியா, பின்லாந்து, போலந்து ஆகிய ஐந்தும் மிதிவெடித் தடைக்கான ஒட்டாவா உடன்படிக்கையை விட்டு விலக அறிவித்தல் கொடுத்தன. அறிவித்தல் கொடுத்து ஆறு மாதத்தில் விலகல் நடைமுறைக்கு வரும். பால்டிக் நாடுகளுக்கு டிசம்பர் 27, பின்லாந்துக்கு 2026 ஜனவரி 10, போலந்துக்குப் பெப்ரவரி 20. லித்துவேனியாவும் பின்லாந்தும் உள்நாட்டில் மிதிவெடி உற்பத்தி செய்யும் எண்ணத்தைச் சொல்லியும்விட்டன. அவர்கள் ரஷ்யாவுக்கு அஞ்சுவதற்குக் காரணம் இருக்கிறது, அதை இங்கிருந்து ஏளனம் செய்ய முடியாது. ஆனால் இந்தப் பண்டத்தை எறிகணையோடு ஒரே தட்டில் வைத்து 'உற்பத்தித் திறன்' என்று எழுதும்போது ஒரு விஷயம் விடுபடுகிறது. எறிகணையில் கடினம் செய்வது. மிதிவெடியில் செய்வது இலேசு, எடுப்பதுதான் கடினம்.

முகமாலையில் அந்த எடுப்பு எப்படி நடக்கிறது என்று பார்த்தால் விளங்கும். 2000 முதல் 2008 வரை இரு தரப்பும் முன்னரங்கு வைத்திருந்த கிளாலி, முகமாலை, நாகர்கோவில் கோட்டில் பாகிஸ்தானின் பி4, சீனாவின் 72 ரகம், ஜொனி, ரங்கன் என்று மிதிவெடி ரகங்கள் எல்லாம் கிடக்கும். பெரும்பாலும் பிளாஸ்டிக்கோ மரமோ, உள்ளே சில பத்துக் கிராம் மருந்து, ஊசியளவு உலோகம். நிலமோ செல் துண்டால் நிறைந்தது. உலோகக் கருவியைப் பிடித்தால் அடிக்கு அடி கத்தும், எது வெடி எது தகரம் என்று சொல்லாது. ஆகவே வாராங்கோல், பல் வைத்த மண்வாரி. முகக்கவசமும் மார்க்கவசமும் போட்டுக்கொண்டு முழந்தாளில் இருந்து, ஒரு மீற்றர் அகலப் பாதையில், தடியால் எல்லை வைத்து, மண்ணைப் பக்கவாட்டில் இருந்து சுரண்டிச் சுரண்டி ஒரு சாண் ஆழம் வரை எடுப்பார்கள். பக்கத்தில் இருந்து வருவதற்குக் காரணம் உண்டு: மேலே இருந்து வரும் அழுத்தம்தான் அதை வெடிக்கவைக்கும். மணல் என்றால் இது ஓடும். காய்ந்த களி என்றால் தண்ணீர் விட்டு ஊறவைத்துச் சுரண்ட வேண்டும், வேர் ஓடியிருந்தால் கத்தரிக்கோலால் வெட்டவேண்டும். ஒரு ஆளுக்கு ஒரு நாளில் ஒரு அறை அளவு நிலம் முடிந்தால் நல்ல நாள். ஒரு மிதிவெடி செய்ய 3 டொலரில் தொடங்கும், எடுக்க 300 முதல் 1,000 டொலர் என்று ஐ.நா. நெடுங்காலம் சொல்லிவந்த கணக்கு இந்த வாராங்கோலில் இருந்து வருவது.

ஆக, இதுவும் ஒரு தொழில், எறிகணை ஆலை போலவே. பழகிய கைகள் வேண்டும், தொடர்ந்த கட்டளை வேண்டும். ஜேர்மன் ஆலைக்குப் பல வருஷ ஒப்பந்தம். இங்கே கொடையாளரின் நிதி பெரும்பாலும் ஒரு வருஷம், இரண்டு வருஷம் என்று துண்டு துண்டாக வருகிறது. துண்டு விழுந்தால் குழு கலையும். அதில் உழைப்பவர்களில் கணிசமானோர் குடும்பத்தைத் தனியே தாங்கும் பெண்கள். சம்பளம் நின்ற மாதமே ஆடைத் தொழிற்சாலைக்கோ வெளிநாட்டுக்கோ போய்விடுவார்கள், போகத்தான் வேண்டும். பிறகு காசு வந்தாலும் புது ஆளுக்குப் பயிற்சி, மருத்துவக் குழு, காணிக்குத் திரும்ப அளவை என்று மாதங்கள் போகும்.

இலங்கை ஒட்டாவா உடன்படிக்கையில் சேர்ந்தது 2017 டிசம்பரில். அதன்படி நிலத்தைத் துப்புரவாக்கி முடிக்கும் தவணை 2028 யூன் 1. அந்தத் திகதிக்குள் வரும் ஒவ்வொரு ஒக்டோபரிலும் மாரி தொடங்கும், கிளாலிப் பக்கத்துத் தாழ்நிலங்களில் தண்ணீர் ஏறும், ஏறிய தண்ணீர் வற்றும்வரை அங்கே வாராங்கோல் வைக்க முடியாது.